காரணம் காணாத நோயும் நாம் கற்பித்த காரணமும்

"குடிக்கிறவர்களுக்கு வருகிற நோய் குடிக்காதவருக்கு வந்தால், நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது, சாமி?"

சில ஆண்டுகளுக்கு முன், குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலத்தில் இளந்தாய் ஒருத்தி நம்மை நோக்கிக் கேட்ட கேள்வி இது. அன்று நமக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாதது மட்டுமன்று. அக்கேள்வி பிறப்பதற்கு நாமும் ஒரு காரணமாயிருந்தோம். அதனை மறையாது கூறிவிட்டுப் பின்னர் நோயைப் பற்றிப் பேசுவதே முறையாகும்.

அவள் கணவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. வைகறை நான்கு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குச் செல்பவர். வயது முப்பத்து நான்கு. குழந்தைகள் இருவர். ஒரு திருமண வீட்டில் விருந்துண்டு திரும்பிய இரவில் அவருக்கு மேல்வயிற்றில் கடும் வலி எழுந்தது. வாய்வுப் பிடிப்பு என்றெண்ணி இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்தனர். வலி முதுகு வரை ஊடுருவிச் சென்றது; வாந்தி நிற்கவில்லை. முன்பக்கமாகக் குனிந்து அமர்ந்தால் மட்டும் சற்றுத் தணிந்தது. விடியுமுன் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "குடிப்பதுண்டா?" என்பதன்று, "எவ்வளவு குடிப்பீர்?" என்பதே.

நோய்க்குக் கணைய அழற்சி என்று பெயரிட்டார்கள். அப்பெயர் ஊருக்குள் வருமுன்னரே அதன் பொருள் வந்து சேர்ந்துவிட்டது. மாமனார் நம் இல்லத்துக்கு வந்து, "சாமிதான் அவரை அழைத்துப் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். நாமும் அழைத்தோம். மதுவைத் தொடுவதில்லை என்னும் உறுதிமொழித் தாளை அவர்முன் வைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார். அந்த மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதல் என்று நாம் எண்ணிக்கொண்டோம். அடுத்து வந்த தவக்காலத்தில் நாற்பது நாளும் ஒருசந்தி பிடித்தார். அதைக் கண்டு மகிழ்ந்து, மனமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகப் பெயர் குறியாமல் மறையுரையிலும் சொன்னோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவர் நாற்பத்து நான்காகத் தேய்ந்திருந்தார். அப்போதுதான் அவர் மனைவி வந்து, மேலே கண்ட கேள்வியைக் கேட்டாள். அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதே இல்லை.

அக்கேள்வியைச் சுமந்துகொண்டு நமக்கு அறிமுகமான குடல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவரிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் அக்குடும்பத்தோடு பழகிக் கற்றவற்றையும் வாசகர்களுக்குப் பயன்படும் என்றெண்ணி இங்குத் தொகுத்துத் தருகின்றோம்.

கணையம் என்பது யாது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். நீளம் ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர். எடை நூறு கிராமுக்குச் சற்று முன்பின் இருக்கும். கிரேக்கர் இதனை 'பான்கிரேயாஸ்' என்றனர். முழுவதும் சதையானது என்பது பொருள். வெறும் சதைத்துண்டு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்த இதனுள்ளே ஒரு குழாய் ஓடுவதை 1642-இல் இத்தாலியின் பாதுவா நகரில் விர்சுங் என்பவர் கண்டார்.

இச்சிறு உறுப்புக்கு இரண்டு வேலைகள். ஒன்று, இன்சுலின் முதலிய சுரப்புகளை இரத்தத்தில் கலந்து சர்க்கரையைச் சீராக்குவது. மற்றொன்று, நாள்தோறும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகள் அந்நீரில் உள்ளன.

புரதத்தைச் செரிக்கும் நொதி, சதையையே செரிக்கும் ஆற்றலுடையது. ஆதலின், உறையிலிட்ட அரிவாளைப் போல, அது செயலற்ற நிலையிலேயே கணையத்தைவிட்டுப் புறப்படுகின்றது. குடலை அடைந்த பின்னரே உறை கழல்கின்றது. ஏதோ ஒரு காரணத்தால் உறை உள்ளேயே கழன்றுவிட்டால், கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகின்றது. இதுவே கணைய அழற்சி. வலியும், இரத்தத்தில் அமிலேசு, லிப்பேசு என்னும் நொதிகள் இயல்பைப்போல் மும்மடங்குக்கு மேல் உயர்வதும், ஸ்கேன் படத்தில் காணும் மாற்றமும் ஆகிய மூன்றனுள் இரண்டு இருப்பின் மருத்துவர்கள் இந்நோயை உறுதி செய்கின்றனர். திடீரென வரும் அழற்சியில் பெரும்பான்மை ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். சிறுபான்மை உயிருக்கே உலை வைக்கும். எனவே முதுகுக்குப் பாயும் மேல்வயிற்று வலியை வாய்வு என்று சொல்லி வீட்டில் வைத்திருத்தல் தகாது.

தேடியும் கிடைக்காத காரணம்

இந்நோயைத் தோற்றுவிக்கும் காரணங்களுள் முதலிடம் பெறுபவை பித்தப்பைக் கற்களும் மதுவும். ஆதலால் மருத்துவர் மதுவைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை, கேட்டேயாக வேண்டும். 'இல்லை' என்ற விடையை நம்ப மறுப்பதே தவறு. இவ்விரண்டும் அல்லாத காரணங்களும் பல உள. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் ஏறுதல், சுண்ணாம்புச் சத்து மிகுதல், சில மருந்துகள், உடலின் தற்காப்பு ஆற்றல் தன் உறுப்பையே தாக்குதல், பிறவியில் அமைந்த குழாய்க் குறைகள், மரபணு மாற்றங்கள் என்பன அவை. காஷ்மீரத்தில் குடற்புழுக்கள் குழாயினுள் ஏறி அடைப்பதாலும், திரினிடாட் தீவில் ஒருவகைத் தேள் கொட்டுவதாலும் இந்நோய் வருவதுண்டு.

இவையனைத்தையும் ஆராய்ந்த பின்னரும் திடீர் அழற்சி கண்டோருள் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பேர் வரை காரணம் அறியப்படாமலேயே நிற்கின்றனர். நாட்பட்ட அழற்சியிலோ, நம் நாட்டில் காரணம் அறியப்படாதோரின் தொகை இன்னும் பெரிது. அவர்களின் மருத்துவக் குறிப்பில் 'இடியோபதிக்' என்று எழுதப்படுகின்றது. குருமடத்தில் கிரேக்கம் பயின்ற நமக்கு அச்சொல் புதிதன்று. 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது. 'பாதோஸ்' என்றால் துன்பம். தனக்கே உரிய துன்பம் என்பது சொற்பொருள். காரணம் எமக்குத் தெரியவில்லை என்று மருத்துவம் நேர்மையோடு ஒப்புக்கொள்ளும் சொல் அது.

அச்சொல்லைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடவும் கூடாது. சாதாரண ஸ்கேனில் தோன்றாத நுண்கற்கள், குழாய்வழி உட்செலுத்தும் அகநோக்கி ஸ்கேனில் சில வேளைகளில் புலப்படுகின்றன. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, எழுதிக் கொண்டுபோய்க் காட்டுதல் வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் சர்க்கரை நோயோ ஓயாத வயிற்றுவலியோ இருந்ததா என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

மரச்சீனி மீது விழுந்த பழி

நம் மண்ணுக்கும் இந்நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. 1959-இல் சுய்டமா என்னும் மருத்துவர், இந்தோனேசியாவில் ஏழை மக்களிடையே கணையத்தில் கற்களும் அதனோடு சர்க்கரை நோயும் காணப்படுவதை எழுதினார். அதே நோயைக் கேரளத்தில் மிகுதியாகக் கண்டு, நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து, 1968-இல் நூலாகவும் வெளியிட்டவர் மருத்துவர் கீவர்கீஸ். சிறுவயதில் வயிற்றுவலி, இளமையில் சர்க்கரை நோய், வாழவேண்டிய வயதில் மரணம் என அந்நாளில் இந்நோய் நடைபோட்டது. மதுவை அறியாத ஏழைச் சிறுவர்களே பெரும்பாலும் இதற்கு ஆளாயினர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

அந்நாளில் பழி மரச்சீனிக் கிழங்கின் மேல் விழுந்தது. பிற மாவட்டத்தார் மரவள்ளி என்று அழைக்கும் இக்கிழங்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஏழைகளின் பசி தீர்க்கும் பயிராகப் பரப்பினார். 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த குமரி மாவட்டத்திலும் அது அன்றாட உணவாயிற்று. கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சும், புரதம் குன்றிய உணவும் சேர்ந்து கணையத்தைக் கெடுக்கின்றன என்பது அன்றைய கருத்து. ஆனால் மரச்சீனி உண்ணும் வழக்கமில்லாத வட மாநிலங்களிலும் அந்நோய் காணப்பட்டது. நன்கு உண்டு வளர்ந்தோருக்கும் வந்தது. ஊட்டக் குறைவால் வரும் சர்க்கரை நோய் என்று 1985-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த பிரிவும் 1999-இல் கைவிடப்பட்டது.

2000-ஆம் ஆண்டில் வேறொரு கதவு திறந்தது. கணையத்தினுள்ளே உறை கழன்ற நொதியை அடக்கி வைக்கும் காவலன் ஒன்று உண்டு. 'ஸ்பிங்க்-1' என்னும் மரபணுவே அக்காவலனை உண்டாக்குகின்றது. அம்மரபணுவில் அமைந்த ஒரு மாற்றம் இந்நோயாளர் பலரிடம் இருப்பது கண்டறியப்பட்டது. இந்திய நோயாளரிடமும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியாயிற்று. எனினும் அதுவும் முழு விடையன்று. நலமாக இருப்போருள்ளும் நூற்றுக்கு ஓரிருவர் அதே மாற்றத்தைத் தாங்கியும் நோயின்றி வாழ்கின்றனர். பலவும் ஒன்றுகூடியே நோய் விளைகின்றது என்பதுதான் இன்றுள்ள அறிவு. கிழங்கின்மேல் ஏற்றிய பழியே இவ்வாறு தளர்ந்துபோயிற்று. மனிதன்மேல் ஏற்றும் பழியில் நாம் எத்துணை விழிப்பாயிருக்க வேண்டும்!

உண்டது உடலில் ஒட்டாதது ஏன்?

அழற்சி மீண்டும் மீண்டும் வரும்போது கணையம் சிறுகச் சிறுக நாராகி இறுகுகின்றது. நொதிகளின் சுரப்பில் பத்தில் ஒன்பது பங்கு அழியும் வரையில் வெளிக்குத் தெரிவதில்லை. அதன்பின் கொழுப்புச் செரிப்பது நின்றுபோகின்றது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல், பொறுக்கவியலாத நாற்றத்தோடு வெளிப்படும். நம் தொழிலாளி இதனை ஓராண்டுக் காலம் எவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லக் கூசினார். மருத்துவரிடம் இதைச் சொல்லக் கூசுதல் வேண்டா. உண்பதில் பாதி உடலில் சேராமலே போவதை அறிவிக்கும் அறிகுறி இது. கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் ஏ, டி, ஈ, கே என்னும் வைட்டமின்களும் உடன் குறைகின்றன, எலும்பு நலிகின்றது, மாலைக்கண் தோன்றுவதும் உண்டு.

இக்குறைக்கு மருந்து உண்டு. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைக் கூட்டில் அடைத்து மாத்திரையாகத் தருகின்றனர். இதை விழுங்கும் முறை மருந்தைவிட முக்கியம். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ உட்கொண்டால் பயன் குன்றும். முதல் கவளத்தோடு தொடங்கி, உணவு நீளுமாயின் இடையிலும் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடித்தோ நசுக்கியோ உண்ணலாகாது. நம் தொழிலாளிக்கு முன்னமே ஒரு முறை இம்மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. சாப்பிட்டுக் கைகழுவிய பின் உண்டு வந்தார். பயனில்லை என்று ஒரு மாதத்தில் நிறுத்தியும்விட்டார். சரியான முறையில், மருத்துவர் சொன்ன அளவில் உண்ணத் தொடங்கிய மூன்று மாதங்களில் ஆறு கிலோ ஏறினார்.

வயிற்றுக் கோளாறு எல்லாவற்றையும் கணையத்தின் தலையிலேயே கட்டிவிடவும் கூடாது. இந்நோயாளருக்குச் சிறுகுடலில் நுண்ணுயிர்கள் பெருகி வயிறு உப்புவதுண்டு. அதற்கு வேறு மருந்து தேவைப்படும். மாத்திரையை ஒழுங்காக உண்டும் குறை தீரவில்லையாயின் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அன்றாடம் கைக்கொள்ளத் தக்கவை

அவர் மனைவி பள்ளிப்பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். உண்டது, உண்ட வேளை, மாத்திரை, வலி, மலத்தின் தன்மை, எடை ஆகியவற்றை நாள்தோறும் எழுதி வந்தாள். ஆறு திங்களில் அந்நோட்டு ஆசிரியராகிவிட்டது. திருமண விருந்தின் பொரித்த இறைச்சி அவருக்கு ஆகாது. அவித்த மீனும் முட்டையும் ஆகும். வெறும் வயிற்றோடு பால்வெட்டச் சென்றுவிட்டுப் பத்து மணிக்கு நிறைய உண்பது ஆகாது. புறப்படுமுன் இரண்டு இட்லி, பின்னர்ச் சிறுகச் சிறுக ஐந்தாறு வேளை உண்பது ஆகும். இவை அவருக்குரியவை. ஒவ்வொருவரும் தத்தமக்குரியதைக் கண்டுகொள்ளுதல் நன்று.

எல்லாருக்கும் பொதுவானவை சில உள. மது ஒரு துளியும் ஆகாது. எக்காரணத்தால் வந்த நோயாயினும் மது அதனை வளர்க்கும். பீடியும் சிகரெட்டும் அவ்வாறே. மதுவைத் தொடாதவர் புகையைப் பொருட்படுத்தாமல் விடுவதைப் பலரிடம் காண்கின்றோம். எண்ணெயையும் தேங்காயையும் அடியோடு விலக்கிக் கஞ்சியும் ரொட்டியுமாகவே வாழ்வதும் பிழை. நொதி மாத்திரை உண்போர் அளவோடு கொழுப்பும் போதிய புரதமும் உண்டு எடையைக் காப்பதே இன்றைய மருத்துவர்கள் தரும் அறிவுரை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். இவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் சர்க்கரை ஏறுவதைப் போலவே திடீரென இறங்கவும் கூடும். வலிக்கெனக் கடையில் கேட்டு வாங்கி உண்ணும் மாத்திரைகள் தீங்காக முடியலாம். குழாயில் கல் அடைத்திருப்பின் அதிர்வலையால் உடைத்தும், அகநோக்கியால் எடுத்தும், தேவையெனில் அறுவை செய்தும் வலியைத் தணிக்க வழியுண்டு.

ஒருசந்தியும் திருவிருந்தும்

இங்கு மேய்ப்பர் என்னும் முறையில் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஒருசந்திக் கடமை பதினெட்டு வயது நிறைந்தோர் முதல் ஐம்பத்தொன்பது நிறைவோர் வரையிலானது. உடல்நலம் இடந்தராத நோயாளரை அக்கடமை கட்டுப்படுத்துவதில்லை. அவர்களுக்கு மாத்திரையோடு வேளை தவறாமல் உண்பதே ஒறுத்தல். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியும் நோயுற்றோரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டாது. திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் விதியில் இது தெளிவாக உள்ளது. இவற்றை அன்றே அந்த மனிதருக்கு நாம் எடுத்துச் சொல்லியிருந்தால் பதினான்கு கிலோ குறைந்திராது. அவர் ஒருசந்தி பிடித்தது மதுவைத் துறந்த நன்றிக்காகவன்று. ஊரார் சுமத்திய பழியைத் தேவன் முன்னிலையிலாவது துடைத்துக்கொள்ளவே அவ்வாறு செய்தார் என்பதைப் பின்னர் அவர் வாயாலேயே கேட்டோம்.

வயிற்றுக்குச் சிறிது திராட்சை இரசம் நல்லது எனத் தீமோத்தேயுவுக்குப் புனித சின்னப்பர் எழுதியதைக் காட்டிக் கிண்ணத்தை நீட்டும் நண்பர்களும் உண்டு. இந்நோயாளருக்கு அந்த அறிவுரை பொருந்தாது. குருக்களுள் ஒருவருக்கே இந்நோய் வரின், புளித்தல் தடுக்கப்பட்ட திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்த ஆயரிடம் அனுமதி பெறலாம். 2003-இல் உரோமை இதற்கான வழிமுறையை மீண்டும் விளக்கியுள்ளது.

வீட்டாருக்கும் அயலாருக்கும்

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் உடன் அமர்ந்திருந்தது நல்ல செயல்; அதன்பின் வாய்திறந்து காரணம் கற்பித்ததே குற்றம். காரணம் தெரியாத இடத்தைக் காலியாக விட்டு வைக்க மனித மனம் பொறுப்பதில்லை. மது, சாபம், செய்வினை, தாயின் சமையல் என எதையேனும் கொண்டு வந்து நிரப்பிவிடுகின்றது. நோயின் வலியோடு அந்தப் பழியையும் நோயாளி தூக்கிச் சுமக்கின்றார்.

ஆதலால் நோயாளியின் வீட்டுக்குச் செல்வோர், "எதனால் வந்தது?" என்று கேளாதிருங்கள். "இன்று சாப்பிட முடிந்ததா?" என்று கேளுங்கள். விருந்துக்கு அழைத்தால் அவருக்கென ஒரு கிண்ணம் அவித்த உணவை முன்னரே எடுத்து வையுங்கள். அவர் இலையில் மீதம் வைத்தால் வற்புறுத்தாதிருங்கள். வலி வரும் நாளில் அவருக்குப் பதிலாகத் தோட்டத்துக்குச் செல்ல ஒருவர் முன்வந்தால், அதுவே பெரிய செபம். நம் பங்கில் இளைஞர் இருவர் அவ்வாறு முறை வைத்துச் சென்றனர்.

நாம் அப்பங்கை விட்டு மாறுதலாகும் முன், அந்த உறுதிமொழித் தாளைத் தேடி எடுத்து அவர் வீட்டுக்குச் சென்றோம். "இதில் உம்முடைய கையெழுத்து இருக்கலாகாது, தம்பி. நாம்தான் பிழை செய்தோம்" என்று கூறி அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைக் கிழித்துவிடவில்லை. நான்காக மடித்து மனைவியின் நோட்டுக்குள் வைத்தார். "இருக்கட்டும், சாமி. குடிக்காதவன் என்பதற்கு என்னிடம் உள்ள சான்று இது ஒன்றுதானே" என்று சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று எழுத நமக்கு ஆசைதான்; ஆனால் தீரவில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை வலி வந்து மருத்துவமனையில் படுக்கின்றார். காரணம் இன்னமும் தெரியவில்லை. எனினும் எடை ஐம்பத்து மூன்றில் நிற்கின்றது. வைகறையில் நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குச் செல்கின்றார். மருந்தின் வேலையை மருந்து செய்கின்றது. எஞ்சியதைச் செய்ய வேண்டியவர்கள் வீட்டாரும் அயலாரும் பங்குக் குருவுமே.